ஊமைப் பெட்டியும் உபதேசியார் குரலும்

பாம்பன் கரையில் ஒலிநாடாவுக்கு ஆயுள் குறைவு. இரும்பு ஆணியையே தின்றுவிடும் உப்புக்காற்று, மெல்லிய நாடாவை விட்டுவைக்குமா? எங்கள் பங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் வாசித்து வந்த உபதேசியாரின் குரல், பதினொரு ஒலிநாடாக்களில் மட்டுமே எஞ்சியிருந்தது. அவற்றுள் இரண்டில் பூஞ்சை படர்ந்துவிட்டது.

கோவாவிலிருந்து 1705ஆம் ஆண்டில் இலங்கை சென்று, டச்சுக்காரர் ஆட்சியில் மறைப்பணியாற்றி, 1742இல் அங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் படைப்பு அது என்பதை வாசகர் பலர் அறிவர். கடலுக்கு இக்கரையிலும் அது வாசிக்கப்படுகிறது. அச்சுப் பிரதி கிடைக்கும். ஆயினும் எவ்விடத்தில் குரலை இழுப்பது, எவ்விடத்தில் தாழ்த்தி நிறுத்துவது என்பது பிரதியில் இல்லை. 1964ஆம் ஆண்டுப் புயலுக்கு முன் தனுஷ்கோடியில் வளர்ந்த எங்கள் உபதேசியார், அதைத் தம் தந்தையாரிடம் செவிவழியாகக் கற்றவர். அவருக்குப் பின் வாசிக்க முன்வந்துள்ள இளைஞர் இருவருக்கு இந்நாடாக்களே ஆசான். தவக்காலத்துக்கு முன் இவற்றைக் கணிப்பொறியில் ஏற்றிவிடுவதெனப் பாடற்குழுவினராகிய நாங்கள் தீர்மானித்தோம்.

பங்கு அலுவலகத்துக் கணிப்பொறியோ பழையது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அதற்கில்லை. கல்லூரி மாணவர் ஒருவர் அதில் லினக்ஸ் நிறுவித் தந்தார். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய அக்காள் பெற்ற கணினியில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததாம். ஆகவே அவ்வீட்டாருக்கு அது அந்நியமன்று. எல்லாம் இயங்கின. ஒலி மட்டும் வரவில்லை. கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், சவுண்டு கார்டை உப்பு அரித்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்.

மாணவர் இணங்கவில்லை. "கார்டு செத்துப் போயிருந்தா லிஸ்ட்லயே வராதுண்ணே" என்று ஏதோ கட்டளையைத் தட்டினார். திரையில் இரண்டு ஒலிக்கருவிகள் தெரிந்தன. ஒன்று தாய்ப்பலகையிலேயே அமைந்தது, மற்றது எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே திரைக்கு ஒலி அனுப்புவது. கணிப்பொறி இரண்டாவதையே தேர்ந்துகொண்டு ஒலி முழுவதையும் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் திரையிலோ ஒலிபெருக்கியே கிடையாது! வாயில்லாதவனிடம் கடிதம் வாசிக்கச் சொன்ன கதைதான்.

அதை மாற்றிய பின்னும் மௌனம் நீடித்தது. லினக்ஸில் ஒலிக்கருவிகளை இயக்கும் ஆல்சா என்னும் மென்பொருளை 1998இல் தொடங்கியவர் செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா. அவ்வமைப்பு ஒலிவாய்க்கால்களை முதலில் அடைத்தே வைக்கும் வழக்கமுடையது. ஆல்சாமிக்சர் என்னும் பலகையைத் திறந்தால், அடைபட்ட தூணின் அடியில் 'எம்.எம்.' என்று காட்டும். 'எம்' விசையை ஒருமுறை தட்டினார், அலுவலகம் அதிர்ந்தது. கார்டுக்கு ஒரு குறையுமில்லை.

இனிப் பதிவு. நாடாக் கருவியின் கம்பியைக் கணிப்பொறியின் பின்புறமுள்ள நீலத் துளையில் செருக வேண்டும். அருகிலுள்ள இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது; அது ஒலியை மிகையாகப் பெருக்கும், குரல் கரகரத்துவிடும். துளையில் செருகினாலும் போதாது. எஃப்4 விசையை அழுத்திப் பதிவுப் பக்கத்துக்குச் சென்று, 'லைன்' என்னும் தூணை இடைவெளி விசையால் தேர்ந்தெடுத்தால்தான் குரல் உள்ளே நுழையும். பதிவுக்கு ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் போதும். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம், குறுக்குவழி கிடையாது. பூஞ்சை பிடித்தவற்றைக் கருவியில் இடவில்லை. இட்டால் கருவி வழியே நல்ல நாடாக்களுக்கும் தொற்றிவிடும். எந்தப் பகுதி அவற்றில் உள்ளதென்று உறையில் குறிப்பில்லை.

மூன்றாம் நாடா ஓடுகையில் உபதேசியாரின் மனைவியார் வந்து வாயிலருகே அமர்ந்தார். செபமாலை கையிலிருந்தது; விரல்கள் நகரவில்லை. வாசிப்புக்கு நடுவே உபதேசியார் இருமினார். இரைச்சலை நீக்கும் வித்தையை அப்போதுதான் கற்றிருந்த மாணவர், இருமலையும் நீக்கிவிடலாம் என்றார்.

"அத வெட்டிராதீங்க தம்பி" என்றார் அம்மையார்.

வெட்டவில்லை. இன்னும் ஆறு நாடாக்கள் இருக்கின்றன.