அறத்தின் வேர்

“சமயப் பயிற்சி பெறாத பிள்ளை ஒழுக்கமுள்ளவனாக வளர இயலுமா?” என்று பெற்றோர் சிலர் ஆசிரியர்களாகிய எங்களிடம் வினவுவதுண்டு. வேறு சிலர், “பள்ளியில் சமயத்தைப் பேசாதீர்கள், அறத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள்” என்பர். இரு சாராரும் தம் மக்கள் நல்லவர்களாக வளர வேண்டும் என்னும் கவலையினாலேயே அவ்வாறு கூறுகின்றனர். அறம் சமய நம்பிக்கையை வேராகக் கொண்டு வளர்வதா, அன்றித் தனக்கெனத் தனிவேர் உடையதா என்பது பழைய வினா. பிற நாடுகளில் அறிஞர்கள் நூல்களில் வாதிட்ட இவ்வினாவை, நம் சிங்கப்பூர் தன் வகுப்பறைகளிலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. அந்த வரலாற்றை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு.

1979-ஆம் ஆண்டில் அமைச்சர் ஓங் டெங் சியோங் தலைமையிலான குழு ஒன்று பள்ளிகளின் நன்னெறிக் கல்வியை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. நாடு விரைந்து வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. கம்பங்களை விட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பெரியோர் சொற்கேட்டு வளரும் பழைய கூட்டுக் குடும்பம் சுருங்கிற்று. மேலைநாட்டுப் போக்குகள் இளைஞரை வேரற்றவர்களாக்கிவிடும் என்னும் அச்சம் ஆட்சியாளரிடம் இருந்தது. இந்தப் பின்னணியில், 1982-இல் அன்றைய கல்வியமைச்சர் கோ கெங் சுவீ சமயக் கல்வியை உயர்நிலைப் பள்ளிகளில் பாடமாக்கும் திட்டத்தை அறிவித்தார். 1984 முதல் உயர்நிலை மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு அது கட்டாயப் பாடமாயிற்று. விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம் முதலியவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்துகொள்ளலாம். சமயம் எதனையும் சாராத சீனக் குடும்பத்துப் பிள்ளைகளை மனத்திற் கொண்டு, கன்ஃபூசிய நெறியும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டது.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அறத்திற்குச் சமயமே அடிப்படை என்று கருதி வகுக்கப்பட்ட அத்திட்டமே, கடவுளை முன்னிறுத்தாத ஒரு நெறிக்கும் சமயங்களுக்கு நிகரான இடத்தை அளித்துவிட்டது. வினாவிற்குரிய விடையில் ஒரு பாதி அப்போதே வெளிப்பட்டுவிட்டது எனலாம்.

அக்காலத்தில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். என் தந்தையார் துறைமுகத் தொழிலாளி. சீர்திருத்தக் கொள்கையில் ஊறியவர். அன்னையாரோ வெள்ளி தவறாமல் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் செல்பவர். அவரைக் கோயில் வாயில்வரை அழைத்துச் சென்று, வெளியே நின்று நாளிதழ் படித்துக்கொண்டு காத்திருப்பது தந்தையாரின் வழக்கம். சம்பள நாளன்று மளிகைக் கடைக் கடனை முதலில் தீர்த்துவிட்டே பிற செலவைக் கருதுவது இருவருக்கும் பொதுவான வழக்கம். முன்னவர் கடவுளை நம்பாமலும் பின்னவர் நம்பியும் செய்த செயல் ஒன்றே.

எந்தப் பாடத்தைத் தேர்வது என்று கேட்டபோது, “உன் விருப்பம்” என்றார் தந்தையார். நான் கன்ஃபூசிய நெறியைத் தேர்ந்தேன். சமயப் பாடவேளை வந்ததும் எங்கள் வகுப்புத் தமிழ் மாணவர்கள் பிரிவோம். இந்து நண்பர்கள் ஓர் அறைக்கும், முஸ்லிம் நண்பர்கள் ஓர் அறைக்கும், கிறித்தவ நண்பர்கள் மற்றோர் அறைக்கும் செல்வர். நான் சீன மாணவர் நடுவே அமர்ந்திருப்பேன். பகைமை ஒன்றும் எங்களிடையே தோன்றவில்லை. ஆயினும், நல்லவனாய் இருப்பது எப்படி என்பதைக் கற்க மட்டும் நாங்கள் பிரிந்து செல்ல வேண்டியிருந்தது. கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்தப் பிரிவு தேவைப்படவில்லை.

பின்னர்த் தமிழ்ப் பாடவேளை வரும். அனைவரும் மீண்டும் ஓர் அறையில் கூடுவோம். அங்கே திருக்குறள் நடக்கும். கன்ஃபூசிய வகுப்பில் ‘ஜுன்ஸி’ எனப்படும் பண்பாளனைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, வள்ளுவர் சான்றாண்மை என்னும் அதிகாரத்தில் காட்டும் சான்றோர் அவனுக்கு நெருங்கிய உறவினராகத் தோன்றினர். இந்து நண்பனும் முஸ்லிம் நண்பனும் கிறித்தவத் தோழியும், ‘இது எங்கள் வீட்டிலும் சொல்வதுதான்’ என்னும் முகத்தோடு அதே அதிகாரத்தைப் படித்தனர். சமயப் பாடவேளையில் பிரிந்தவர்கள் அறத்தைப் பேசும் தமிழ்ப் பாடவேளையில் ஒன்றுபட்டோம்.

சமயக் கல்வித் திட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1980-களில் சமய எழுச்சியும் மதமாற்ற ஆர்வமும் நாட்டில் மிகுந்தன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் இதனை ஆராய்ந்து 1988-இல் அறிக்கை அளித்தனர். பள்ளியில் சமயத்தைப் பாடமாகக் கற்பிப்பது சமய வேறுபாட்டைக் கூர்மையாக்கக்கூடும் என்னும் கவலை எழுந்தது. எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாக நிற்க வேண்டிய அரசு இப்பாடத்தைக் கட்டாயமாக்குவது பொருந்தாது என்னும் முடிவு 1989-இல் அறிவிக்கப்பட்டது. 1990-இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 1991-இல் நாட்டின் ஐந்து பகிர்ந்த விழுமியங்கள் வெள்ளையறிக்கையாக வந்தன. சமுதாயத்தைத் தன்னலத்திற்கு மேலாகக் கருதுதல், குடும்பத்தைச் சமுதாயத்தின் அடிப்படையாகக் கொள்ளுதல், இன சமய நல்லிணக்கம் முதலான அவ்விழுமியங்களுள் எந்தக் கடவுளின் பெயரும் இல்லை. 1992 முதல் குடியியலும் நன்னெறியும் இணைந்த பாடம் சமயக் கல்வியின் இடத்தைப் பெற்றது.

இதனைச் சமயத்தின் தோல்வி என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில், அறத்தை ஒரு சமயத்தின் மொழியில் மட்டும் சொன்னால், அது அச்சமயத்தாரின் செவிக்கே எட்டும் என்பதே நாம் கற்ற பாடம். எனக்கும் என் அண்டை வீட்டாருக்கும் இடையே நிற்க வேண்டிய நீதிக்கு, இருவருக்கும் விளங்கும் காரணம் வேண்டும்.

அத்தகைய காரணத்தைக் குழந்தைகளே கண்டுகொள்வர். நான் பணியாற்றும் தமிழ்ப் பள்ளியில் ஒருநாள் மாணவர்கள்முன் ஒரு சிக்கலை வைத்தேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கடையில் பத்து வெள்ளி நோட்டைக் கொடுக்கிறோம். ஐம்பது வெள்ளிக்கு உரிய சில்லறையைக் கடைக்காரர் தவறுதலாகத் தந்துவிடுகிறார். என்ன செய்வது? திருப்பிக் கொடுப்போம் என்றே எல்லாரும் கூறினர். ஏன் என்றேன். “சாமி பார்த்துக்கொண்டிருக்கும்” என்றாள் ஒரு சிறுமி. “அது ஹராம் என்று அத்தா சொல்வார்” என்றான் ஒரு சிறுவன். “பிடிபட்டால் அவமானம்” என்றான் மற்றொருவன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “இரவு கணக்குப் பார்க்கும்போது அந்த அண்ணன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், சார்” என்றாள். வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று. பின்னர் எல்லாரும் தலையசைத்தனர். முதல் இரண்டு விடைகளும் அவ்வவ்வீட்டார்க்கு வலிமையுடையவை. நான்காவது விடையோ எல்லா வீட்டார்க்கும் உரியது. அதனை ஏற்க, அந்தக் கடைக்காரரும் நம்மைப் போன்ற மனிதர் என்று உணர்ந்தால் போதும்.

அச்சத்தை மட்டும் காட்டி வளர்க்கும் அறத்தில் இடர் உண்டு. ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று மட்டுமே சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, பதினெட்டு வயதில் அந்தச் சாமியை ஐயுறத் தொடங்கினால், பொய் சொல்லாமையையும் சேர்த்தே ஐயுறுவான். நம்பிக்கை தளரும் நாளிலும் நிற்கத்தக்க வேர் அறத்திற்கு வேண்டும்.

இனி, மறுபுறத்தையும் நோக்குவோம். காரணம் அறிந்தவரெல்லாம் அவ்வாறே ஒழுகுகின்றனரா? இல்லை. அறிவு வழியைக் காட்டும். நடப்பதற்குப் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை ஊட்டுவதில் சமயங்கள் பெரும்பணி ஆற்றியுள்ளன. நோன்பு மாதத்தில் பசியை உணர்ந்தவர் பிறர் பசியை எளிதில் அறிவர். சீக்கியர் கோயிலின் பொதுச் சமையற்கூடத்தில் யார் எவர் என்று கேளாமல் உணவு பரிமாறக் கற்ற சிறுவன், சமத்துவத்தைப் புத்தகத்தில் படிக்கும் முன்னரே கைகளால் கற்றுவிடுகிறான். கோயிலில் அன்னதானத்திற்கு இலை போட்ட சிறுவனும் அத்தகையவனே.

அதுபோன்ற பழக்கத்தைச் சமயத்திற்கு வெளியிலும் நம் முன்னோர் உண்டாக்கினர். 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்த பெரியார் ஈ.வெ.ரா. சிங்கப்பூருக்கும் வருகை தந்தார். அவர் தூண்டிய சிந்தனையின் வழியில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இங்கே தோன்றிற்று. அதன் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். சாதி இழிவையும் கள்ளுக் குடியையும் எதிர்த்த அவ்வியக்கத்தினர் மறுமைப் பயனைக் கருதி உழைத்தவர் அல்லர். சாரங்கபாணி 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாள் இந்து, முஸ்லிம், கிறித்தவத் தமிழரை ஒரே மேடையில் அமர்த்தியது. சமயத்தைக் கடிந்த இயக்கத்திலிருந்து வந்தவர், சமயத்தாரை வெறுக்காமல் எல்லாரையும் அணைத்துச் சென்றதே அவர்தம் பெருமை. அதே காலத்தில் ராமகிருஷ்ணா மிஷன் போன்ற அமைப்புகள் இறைத்தொண்டாகக் கருதி ஆதரவற்ற சிறுவரைப் பேணின. இவருள் எவர் உயர்ந்தவர் என்று கேட்பது வீண்.

அண்மைக் காலச் சான்றும் ஒன்று உண்டு. 2020-இல் கொவிட்-19 பரவியபோது, வெளிநாட்டுத் தொழிலாளர் பல்லாயிரவர் தங்குவிடுதிகளில் அடைபட்டனர். ஞாயிறுதோறும் அவர்களால் நிரம்பி வழியும் லிட்டில் இந்தியா வெறிச்சோடிற்று. அப்போது சமய அமைப்புகளும் உதவின; சமயம் சாராத தொண்டு அமைப்புகளும் உதவின; எந்த அமைப்பையும் சேராத தனிமனிதரும் உதவினர். உணவுப் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்ட புதுக்கோட்டைத் தொழிலாளிக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் அதனை அனுப்பியவரின் நம்பிக்கை தெரிந்திருக்க வழியில்லை.

2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமக்குச் சமயம் இல்லை என்றோர் நூற்றுக்குப் பதினெழுவர். 2020-இல் அவர்கள் நூற்றுக்கு இருபதின்மர். ஐவரில் ஒருவரை அறமற்றவர் என்று எண்ணும் சமுதாயம் அமைதியாக வாழ இயலாது. எஞ்சிய நால்வரை மூடர் என்று எண்ணுவதும் அத்தகையதே. நம்பிக்கை உடையோர், தம் சமயத்தைச் சேராதவரிடம் தாம் நடந்துகொள்ளும் முறையைக் கொண்டு தம் பக்தியை அளந்து பார்க்க வேண்டும். நம்பிக்கை இல்லாதோர், கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பிள்ளைகளுக்குத் தரும் நற்பழக்கங்களுக்கு ஈடாகத் தம் வீட்டில் எதனைத் தருகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மறுப்பு மட்டும் பிள்ளையை வளர்த்துவிடாது.

இவ்விருவருக்கும் பொதுவான நூல் தமிழில் உண்டு. வள்ளுவர் தம் நூலைக் கடவுள் வாழ்த்தோடுதான் தொடங்குகிறார். ஆயின், ஒரு சமயத்திற்கே உரியதென்று ஐயமின்றிச் சுட்டத்தக்க பெயர் எதனையும் அவ்வதிகாரத்தில் அவர் வைக்கவில்லை. அதனாலேயே சைவரும் வைணவரும் சமணரும் அவரைத் தம்மவர் என்கின்றனர். ஜி.யு. போப் அவர்களோ கிறித்தவப் போதனையின் சாயலை அவரிடம் கண்டார். பகுத்தறிவாளரும் அவரைப் போற்றுகின்றனர். நம்புவோர்க்கு வாயிலைத் திறந்துவைத்த அவர், உள்ளே சென்றதும் வாய்மை, நன்றி, ஈகை, கள்ளாமை ஆகியவற்றுக்கு மனித வாழ்க்கையிலிருந்தே பெரிதும் காரணம் காட்டுகிறார்.

அறத்தின் வேர் எது என்று வினவினால், ஒருவர் செயலால் மற்றொருவர் படும் இன்பதுன்பத்தை உணரும் உள்ளமே அதன் வேர் என்பேன். சமயம் அவ்வேருக்கு நீர் பாய்ச்சலாம், இலக்கியம் பாய்ச்சலாம், நல்ல தாய் தந்தையர் பாய்ச்சலாம். நீர் எந்தக் கிணற்றினது என்பதில் நாம் வேறுபடுவோம். செடி வாடாமல் காப்பதில் வேறுபடாதிருப்போமாக.