யூ.பி.எஸ் மட்டும் போதுமா?

கோவில்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலர் கூடவே ஒரு யூ.பி.எஸ்ஸும் வாங்கிவிடுவார்கள். இனி பிராசஸருக்கு ஆபத்தில்லை என்று ஒரு நிம்மதி. அது பாதிதான் உண்மை.

சுவரில் வருவது 230 வோல்ட். பிராசஸருக்குத் தேவையோ சுமார் 1 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ் அதை 12 வோல்ட் ஆக்குகிறது. மதர்போர்டில் இருக்கும் வி.ஆர்.எம் மேலும் குறைத்துக் கொடுக்கிறது. ஆகவே ஆபத்து வெளியிலிருந்தும் வரலாம், உள்ளேயிருந்தும் வரலாம்.

முதலில் வெளியே. கோடையில் கரிசல் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழியைச் சுற்றியுள்ள மண்ணும் விலகி, மின்தடை ஏறிவிடும். எர்த் சரியில்லை என்றால் சர்ஜ் புரொடெக்டர் இருந்தும் பெரிய பயனில்லை. குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்வது நல்லது. இடி மின்னலுக்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது உள்ளே. 2023இல் ஏ.எம்.டி ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் கருகின. எஸ்.ஓ.சி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்தார்கள். 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களில் கோளாறு. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. எந்த யூ.பி.எஸ்ஸும் இதைத் தடுத்திருக்காது. பயாஸ் அப்டேட்தான் வழி. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அதுவும் மீட்காது.

அப்டேட் பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே படுத்துவிடலாம். அங்கேதான் அந்த யூ.பி.எஸ் கைகொடுக்கும்!