புரமோஷன் வந்தது... சம்பளம் வரவில்லை! கொல்கத்தாவின் கறுப்பு-வெள்ளை ரசிகர்கள்

கொல்கத்தாவில் டாக்ஸிக்காரரிடம் 'மைதான் போகணும்' என்று சொன்னால், 'எந்தப் பக்கம்?' என்று திருப்பிக் கேட்பார். ஒரு பக்கம் ஹூக்ளி நதி, இன்னொரு பக்கம் சவுரங்கி சாலை, நடுவில் வில்லியம் கோட்டை. இவற்றுக்கு இடையே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகிடக்கும் புல்வெளிதான் மைதான். ஆடு மேய்வதும் அங்கேதான், காதலர்கள் குடைக்குள் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். இந்தியக் கால்பந்து வளர்ந்ததும் அங்கேதான்.

இந்த நிலம் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. அதனால், நூறு வருடங்களைத் தாண்டிய பெரிய கிளப்களின் இடங்களைக்கூட இன்றும் 'டென்ட்' என்றுதான் அழைக்கிறார்கள். மோகன் பகான் டென்ட், ஈஸ்ட் பெங்கால் டென்ட், கொஞ்சம் தள்ளி முகமதன் ஸ்போர்ட்டிங் டென்ட்.

கொல்கத்தா போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்கினால் டாக்ஸி தேட வேண்டாம். ஸ்டேஷனிலேயே மெட்ரோ இருக்கிறது. 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்தப் பாதை, ஹூக்ளி நதிக்கு அடியில் புகுந்து எஸ்பிளனேடில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மைதான் நடக்கிற தூரம்தான். மாலை நாலு மணிக்கு மேல் போனால், மண் குவளையில் டீயும், காகிதப் பொட்டலத்தில் கடுகெண்ணெய் மணக்கும் மசாலாப் பொரியும் கிடைக்கும். கூடவே, காசு கொடுக்காமலே ஒரு கால்பந்து விவாதமும் கிடைக்கும்.

இலிஷா, இறாலா... பிரியாணியா?

கொல்கத்தாக்காரர்கள் கால்பந்தையும் சாப்பாட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பது அந்த ஊரில் காலம்காலமாகச் சொல்லப்படுவது.

முகமதன் ரசிகர்களுக்கு மீன் கிடையாது, பிரியாணிதான். அதுவும் உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணி. 1856-ல் பிரிட்டிஷாரிடம் ஆட்சியை இழந்து லக்னோவிலிருந்து வந்த நவாப் வாஜித் அலி ஷா, நதியோரம் மெட்டியாபுரூஸ் பகுதியில் தங்கினார். அவருடைய சமையல்காரர்களோடு வந்து சேர்ந்ததுதான் இந்தப் பிரியாணி என்பார்கள். மெட்டியாபுரூஸ் இன்று தையல்காரர்களின் ஊர். தையல் மெஷின் சத்தம் ஓயாத அந்தச் சந்துகளில் கறுப்பு-வெள்ளைக் கொடியை அடிக்கடி பார்க்கலாம். கிதிர்ப்பூர், ராஜாபஜார், பார்க் சர்க்கஸ் என்று முகமதன் ரசிகர்களின் பேட்டைகள் நகரம் முழுக்க இருக்கின்றன. 1891-ல் தொடங்கப்பட்ட கிளப் இது. பெயரைப் பார்த்து ஒரே சமூகத்தின் அணி என்று நினைத்துவிட வேண்டாம். 2024-25 சீசன் அணியில் மிசோரம், மணிப்பூர்ப் பையன்களும், பிரேசில், கானா, உஸ்பெகிஸ்தான்காரர்களும் ஆடியிருக்கிறார்கள்.

2024 ஏப்ரல்: கதவு திறந்தது

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020-ல் இந்தியன் சூப்பர் லீகான ஐ.எஸ்.எல்லுக்குள் போய்விட்டன. மூன்றாவது பிள்ளையான முகமதன் மட்டும் வெளியே நின்றது. 2014-ல் பணமில்லாமல் சீனியர் அணியின் செயல்பாட்டையே நிறுத்திவைத்த கிளப் அது. 2021-ல் 40 வருடங்களுக்குப் பிறகு கல்கத்தா லீக்கை ஜெயித்தபோது பழைய ரசிகர்கள் பலர் கண்கலங்கினார்கள்.

பிறகு வந்தது 2024 ஏப்ரல் 6. ஷில்லாங்கில் லாஜோங் அணியை 2-1 என்று வீழ்த்தி, ஒரு போட்டி மீதமிருக்கும்போதே ஐ-லீக் கோப்பையை உறுதி செய்தது முகமதன். ஐ-லீக்கை ஜெயிக்கிற அணிக்கு ஐ.எஸ்.எல்லுக்கு புரமோஷன் என்பது அப்போதைய விதி. அந்த வழியாக முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்.சி. இரண்டாவது முகமதன்.

கொண்டாட்டம் முடிந்ததும் டீக்கடைகளில் கேள்விகள் ஆரம்பித்தன.

'ஜெயித்துக் கொடுத்த பையன்களை அப்படியே வைத்துக்கொள்வதா, புது ஆட்களை வாங்குவதா?' இதுதான் முதல் சண்டை. 'நன்றி மறக்கக் கூடாது' என்றது ஒரு கட்சி. 'நன்றிக்கு கோல் விழாது, மேலே இருக்கிற வேகமே வேற' என்றது இன்னொரு கட்சி. இந்த வாக்குவாதத்துக்கு நடுவிலேயே, லீக்கில் கோல்களாக அடித்த மிசோ இளைஞர் டேவிட் லால்லான்சாங்கா ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். பக்கத்து டென்ட்டுக்கு! ஐ-லீகில் முன்னால் நின்று கோல் போட்ட ஹோண்டுராஸ்காரர் எடி ஹெர்னாண்டஸும் புதிய அணியில் இல்லை.

'அப்படியென்றால் கோல் யார் அடிப்பது?' இது இரண்டாவது சண்டை. அர்ஜென்டினாவின் அலெக்சிஸ் கோமஸ் இருக்கிறார், நடுக்களத்தில் உஸ்பெகிஸ்தானின் மிர்ஜலோல் காசிமோவ் இருக்கிறார் என்று சமாதானம் சொன்னார்கள். 'பந்தைக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள் தாதா, வலைக்குள் தள்ளுகிறவன் எங்கே?' என்று கேட்டார்கள். (பயப்பட வேண்டாம், வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன்.)

மூன்றாவது, பயிற்சியாளர். சோவியத் யூனியனுக்கு ஆடிய ரஷ்யர் ஆந்த்ரே செர்னிஷோவ்தான் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவரை மாற்றக் கூடாது என்பதில் மட்டும் பெரும்பாலானோர் ஒரே கட்சி.

தாத்தாக்களின் கையில் ஒரு துருப்புச் சீட்டு

இந்த மாதிரி விவாதங்களில் வயதானவர்கள் கடைசியில் இறக்கும் சீட்டு ஒன்று இருக்கிறது. அது 1934.

அன்று கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் சாம்பியன் என்றாலே பிரிட்டிஷ் அணிதான். பெரும்பாலும் ராணுவ ரெஜிமென்ட்டுகள். இந்திய அணி ஒன்றுகூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. இரண்டாவது டிவிஷனிலிருந்து புரமோஷன் வாங்கி முதல் டிவிஷனுக்கு வந்த முகமதன், வந்த முதல் வருடமே, 1934-ல், அதை ஜெயித்தது. அந்த வருடம் மட்டுமல்ல, 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை! 1940-ல் டெல்லியில் ட்யூராண்ட் கோப்பையையும் தூக்கியது. 1888-ல் தொடங்கிய அந்தப் போட்டியை வென்ற முதல் இந்திய கிளப் முகமதன்தான்.

இது எப்படி நடந்தது? மழைதான் ரகசியம். கல்கத்தா லீக் நடப்பது பருவமழைக் காலத்தில். மைதான் முழுக்கச் சேறு. வெறுங்காலோடு ஆடிப் பழகிய இந்திய வீரர்கள் வழுக்கி விழ, பூட்ஸ் போட்ட சிப்பாய்கள் கோல் போட்டுவிட்டுப் போவார்கள். முகமதன் நிர்வாகிகள் ஒரு முடிவெடுத்தார்கள். தரை ஈரமாக இருந்தால் நம் பையன்களும் பூட்ஸ் போடட்டும்! கல்கத்தாவுக்குள் மட்டும் ஆள் தேடாமல், பெங்களூர் போன்ற தூரத்து ஊர்களிலிருந்தும் வீரர்களைக் கூட்டிவந்தார்கள். ஏறுவதற்கு முன்பே, ஏறிய பிறகு என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்தார்கள்.

அந்த அணியில் ஆடியவர்தான் மெட்டியாபுரூஸைச் சேர்ந்த முகமது சலீம். 1936-ல் கப்பலேறி ஸ்காட்லாந்து போய், புகழ்பெற்ற செல்டிக் கிளப்புக்காக இரண்டு போட்டிகள் ஆடினார். பூட்ஸ் வேண்டாம் என்று காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு! அதில் ஒரு போட்டியில் செல்டிக் 7-1 என்று ஜெயித்தது. பந்தைக் கால் கட்டைவிரலில் ஏந்தி அவர் செய்த வித்தையை கிளாஸ்கோ பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அவ்வளவு பேர் கிடைத்தும், ஊர் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார்.

'1934-ல் ஏறின உடனே ஜெயித்தோம். 2024-ல் ஏன் முடியாது?' பெரியவர்கள் இப்படிக் கேட்டால் இளைஞர்களால் பதில் சொல்ல முடியாது.

சென்னையில் கிடைத்த முதல் வெற்றி

பதிலை லீக்தான் சொன்னது. தெற்கு கொல்கத்தாவின் கிஷோர் பாரதி ஸ்டேடியத்தில், 2024 செப்டம்பர் 16 அன்று முதல் ஐ.எஸ்.எல் போட்டி. டிராவில் முடியும் என்று எல்லோரும் நினைத்திருந்த கடைசி நேரத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் ஒரு கோல் போட்டுவிட்டது. அடுத்து கோவாவுடன் ஆட்டம். ஜெயிக்கிற நிலையில் இருந்து, முடியும் நேரத்தில் கோல் வாங்கி 1-1.

மூன்றாவது போட்டி நம்ம சென்னையில். நேரு ஸ்டேடியத்தில் லால்ரெம்சாங்கா முதல் பாதியில் அடித்த ஒரே கோல், சென்னையின் எஃப்.சி-யைக் கவிழ்த்தது. முகமதனின் முதல் ஐ.எஸ்.எல் வெற்றி! அன்று இரவு பெரியமேட்டில் நம்மவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்க, கொல்கத்தாவில் 'பார்த்தாயா, 1934 திரும்புகிறது' என்று கொண்டாடினார்கள்.

திரும்பவில்லை. அடுத்த போட்டியிலேயே மோகன் பகானிடம் 0-3. பிறகு சொந்த மண்ணில் ஐதராபாத்திடம் 0-4. ரசிகர்கள் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது நவம்பர் 9-ம் தேதி நடந்தது. எதிரே ஈஸ்ட் பெங்கால். அரை மணி நேரம் முடிவதற்குள் அந்த அணியில் இரண்டு பேருக்கு ரெட் கார்டு. ஒருவர் நாவோரெம் மகேஷ், மற்றவர் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். மீதி ஒரு மணி நேரம் ஒன்பது பேருக்கு எதிராகப் பதினொரு பேர். ஆட்டம் 0-0!

'வலைக்குள் தள்ளுகிறவன் எங்கே?' என்று கோடையில் கேட்ட கேள்வி, நவம்பரில் இடிபோல வந்து விழுந்தது.

களத்துக்கு வெளியே இருந்த ஓட்டை

ஆனால், பிரச்னை கோல் அடிப்பதில் மட்டும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. நம் ஊரில் ஒருவருக்கு புரமோஷன் என்றால் முதலில் என்ன கேட்போம்? 'சம்பளம் எவ்வளவு ஏறுச்சு?' முகமதனில் புரமோஷன் வந்தது, இருந்த சம்பளமே நின்றுபோனது. கிளப்புக்கும் முதலீட்டாளர்களுக்கும் இடையே பங்குகள் குறித்து இழுபறி. வீரர்களுக்குச் சம்பள பாக்கி. பாக்கி வராமல் பயிற்சிக்கு வர மாட்டோம் என்று வீரர்கள் நிற்கும் அளவுக்கு நிலைமை போனது. 2025 ஜனவரி கடைசியில் செர்னிஷோவும் சம்பளம் வரவில்லை என்று விலகினார்.

அதே ஜனவரியில்தான், பெங்களூருக்குப் போய் அந்த ஊர் அணியை 1-0 என்று ஜெயித்தார்கள். கடைசி நிமிடங்களில் காசிமோவ் அடித்த ஃப்ரீ கிக். சம்பளம் வராத கால்களிலிருந்து வந்த கோல் அது.

சீசன் முடிந்தபோது 24 போட்டிகளில் 2 வெற்றி, 7 டிரா, 15 தோல்வி. 13 புள்ளிகளோடு கடைசி இடம். இரண்டு வெற்றியும் தென்னிந்தியாவில் கிடைத்தவை. சொந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.

இப்போது அந்த 1934 சீட்டைத் திருப்பிப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. அன்று ஜெயித்தது வீரர்களின் கால் மட்டுமில்லை. மழை வரும் என்று தெரிந்து பூட்ஸ் வாங்கி வைத்த கையும், தூரத்திலிருந்து வந்த பையன்களைத் தங்கவைத்துச் சோறு போட்ட கையும் சேர்ந்துதான் ஜெயித்தன. தொண்ணூறு வருடம் கழித்து வந்த புரமோஷனில் கால்கள் இருந்தன, அந்தக் கைகளைக் காணோம். எந்த வீரர் நல்லவர், யாரை வாங்கலாம் என்று கோடை முழுக்க ரசிகர்கள் பேசினார்கள். பட்டியலில் விட்டுப்போன பெயர் கஜானாதான்.

இதையெல்லாம் அந்த ரசிகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நாள் தையல் கூலியை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வருகிற ஒருவருக்கு, கூலி கிடைக்காத வீரனின் வலி நன்றாகவே புரியும். அதனால்தான் தோற்ற நாட்களில்கூட, வீரர்களைவிட நிர்வாகத்தின் பக்கம்தான் அவர்களின் கோபம் அதிகம் பாய்ந்தது.

கொல்கத்தாவுக்கு விக்டோரியா நினைவகமும் ஹவுரா பாலமும் பார்க்கப் போகிறவர்கள், ஒரு மாலையை மைதானுக்கு ஒதுக்கலாம். மழைக்காலத்தில் போனால் கல்கத்தா லீக் ஆட்டங்கள் நடக்கும். சட்டையில் கொஞ்சம் சேறு படும், பரவாயில்லை. டீ குடித்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவரிடம், 'இந்த வருஷம் முகமதன் எப்படி?' என்று மட்டும் கேளுங்கள். பெருமூச்சோடு தொடங்குவார். மண் குவளை காலியாவதற்குள் அணியின் பதினொரு பேரையும் அவரே தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்.