கிராவல் ரோடு

"தாத்தா, ஞாயிற்றுக்கிழமை கிராவல் போகலாமா?" என்று பேரன் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது லாரிதான். நம் பக்கத்தில் கிராவல் என்றால் மனையில் கொட்டி நிரவுகிற செம்மண். லோடு என்ன விலை என்று கேட்போம். அவன் சொன்னது சைக்கிளை. தார் ரோட்டுக்கும் இல்லாமல், மலையேற்றத்துக்கும் இல்லாமல், சரளைக்கல் பாதைக்கென்றே செய்த சைக்கிளாம். டயர் பெருவிரல் அகலத்துக்கு மேலேயே இருக்கிறது. காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்திருந்தான். "கல் குத்தாது தாத்தா, மெத்தை மாதிரி போகும்" என்றான். எனக்கு மட்டும் பேட்டரி வைத்த சைக்கிளை வாடகைக்கு எடுத்துவிட்டான். மிதித்தால்தான் மோட்டார் உதவும், 25 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் உதவியை நிறுத்திக்கொள்ளும். அரசாங்க விதி. விதி என்றதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

மகள் வீடு திழோனில். பிரான்சில் புர்கோஞ் பகுதிக்குத் தலைநகர் மாதிரி. அங்கிருந்து ரயிலில் அரை மணிக்குள் போன் என்கிற ஊர். (தொலைபேசி என்று படித்துவிடாதீர்கள், ஊர் பெயரே அதுதான்.) அங்கே தொடங்கி பொம்மார், வொல்நே, மெர்சோ, புலிஞி, ஷசாஞ் வழியாக சாந்த்னே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. சுமார் 22 கிலோமீட்டர். சில இடத்தில் ஒடுங்கிய தார், சில இடத்தில் சிமெண்ட், மீதி சரளை. தோட்டக்காரர்களின் டிராக்டர் வரும், அதுவும் அன்று ஞாயிறு என்பதால் இல்லை. ஹாரன் சத்தமே கேட்காத ரோட்டில் நான் கடைசியாக சைக்கிள் விட்டது எப்போது என்று யோசித்தேன். அறுபதுகளில், அப்பாவின் ராலே சைக்கிளில், முன் பாரில் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு, பாகூர் ஏரிக்கரையில்.

செப்டம்பர் கடைசி. அறுவடை முடிந்திருந்தது. இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. வலது பக்கம் சரிவு ஏறி ஏறிப் போய் உச்சியில் காட்டில் முடிகிறது. இடது பக்கம் இறங்கி சமவெளியில் பெரிய ரோட்டைத் தொடுகிறது. கொடிகள் இடுப்பு உயரம்தான். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி என்கிற கணக்கில் நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். வரிசைக்கும் வரிசைக்கும் ஒரு மீட்டர். அதற்குள் டிராக்டர் எப்படிப் போகும் என்றால், போவதில்லை. நெட்டைக் கால்களோடு கொடி வரிசையின் இருபுறமும் சக்கரம் வைத்துக் கொடியைத் தாண்டி நடக்கிற டிராக்டர் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு கொட்டகையில் நின்றிருந்தது. பொய்க்கால் ஆட்டக்காரன் போல இருந்தது.

நான் வேலை பார்த்தது புதுச்சேரி அரசில், நில ஆவணங்கள் பக்கம். பள்ளியில் பிரெஞ்சு படித்த கடைசித் தலைமுறை குமாஸ்தாக்களில் ஒருவன் என்பதால், நொத்தேர் காலத்துப் பத்திரம் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். மூன்று பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதியிருப்பார்கள். ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற அளவு இன்றும் நம் பதிவேட்டில் இருக்கிறதே, அந்த வாலும் பிரெஞ்சுக்காரன் விட்டுப் போனதுதான். அதனால் எல்லோரும் கோட்டையையும் கோபுரத்தையும் படம் எடுத்தால், நான் எல்லைக் கல்லைப் பார்க்கிறேன். தொழில் புத்தி.

இங்கே பார்ப்பதற்கு நிறைய இருந்தது. இந்தச் சரிவு முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். க்ளிமா என்பார்கள். மொத்தம் 1,247. யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் மண் மெலிசு, அடியில் களி கனம், நடுச்சரிவில்தான் சுண்ணாம்புக் கல்லும் களியும் சரியாகச் சேர்கிறதாம். உலகத்திலேயே விலை கூடிய வெள்ளை ஒயினில் ஒன்றான மொன்ராஷே வருகிற நிலம் 8 ஹெக்டேர்தான், அதுவும் நடுச்சரிவில். ஒரு பாதையைத் தாண்டினால் அதே திராட்சை, அதே வெயில், விலை வேறே.

இவர்களுக்கு ஊவ்ரே என்று ஒரு பழைய அளவு உண்டு. ஓர் ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கக்கூடிய நிலம், 4.28 ஆர். சைக்கிளை நிறுத்தாமலேயே மனக்கணக்குப் போட்டேன். நம் புதுச்சேரிக் குழி 576 சதுர அடி, அந்தக் கணக்கில் எட்டுக் குழி. சரியாக எட்டு! பேரனிடம் கத்திச் சொன்னேன். அவனுக்குக் குழி என்றால் பள்ளம்தான் தெரியும், பிரேக் போட்டுவிட்டான்.

வொல்நே மேட்டில் ஏறும்போது என் பேட்டரி கொஞ்சம் முனகியது. மேலே ஒரு கல் சுவரில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ரொட்டியும் சீஸும் சாப்பிட்டோம். வரிசைகளில் அறுக்காமல் விட்ட சின்னக் கொத்துகள் தொங்கின. பேரன் பறிக்கப் போனான். அடுத்தவன் நிலத்தில் கை வைக்காதே என்றேன். ஞாயிறென்றும் பாராமல் அங்கே கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே அவரே இரண்டு கொத்து பறித்துக் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும். என் பிரெஞ்சைக் கேட்டு, "எந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் ஐயா இது?" என்றார். சொன்னேன். பேச்சு வளர்ந்தது.

ஒரே பாத்தியில் எட்டு வரிசை அவருடையது, அடுத்த எட்டு தங்கையுடையது. ஏன் இப்படி, மேல் துண்டு ஒருவருக்கு, கீழ்த் துண்டு ஒருவருக்கு என்று பிரித்தால் உழ வசதிதானே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "அளவு சமமாக இருக்கும். பங்கு சமமாக இருக்காதே" என்றார். எல்லாத் துண்டையும் சரிவு வாக்கில், மேலிருந்து கீழாகப் பிளந்தார்களாம். மேட்டிலும் நடுவிலும் பள்ளத்திலும் ஆளுக்குப் பாதி. அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கே பத்து இடத்தில் பத்துத் துண்டு. க்ளோ த வூழோ என்ற ஒரே மதிலுக்குள் 50 ஹெக்டேருக்கு ஏறக்குறைய எண்பது சொந்தக்காரர்கள்.

திராட்சை புளிப்பும் இனிப்புமாக, நிறைய விதையோடு இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

அப்பா விட்டுப் போனது 96 குழி. 1994இல் நானும் தம்பியும் பிரித்துக்கொண்டோம். தலா 48 குழி, 25 ஆர் 68 சென்டியார். பத்திரம் எழுதியது நான். ஒரு சென்டியார் கூட ஏமாற்றவில்லை. வண்டிப்பாட்டையை ஒட்டிய பாதி எனக்கு, வாய்க்காலை ஒட்டிய பாதி அவனுக்கு. "பயிர் வைக்கிறவன் நீ, தண்ணி உன் பக்கம் இருக்கட்டும்டா" என்றேன். "நீ பார்த்துப் போட்டா சரிண்ணே" என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அந்தப் பாட்டை ரோடாகப் போகிறது என்ற கோப்பு என் மேசை வழியாகப் போயிருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

2003இல் என் பங்கை விற்றேன். வாங்கியவர்கள் கிராவல் கொட்டி மனை போட்டார்கள். அந்தப் பணத்தில்தான் மகள் கல்யாணம். அவள் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்ததும், இந்தப் பேரன் பிறந்ததும், நான் இந்தச் சுவரில் சாய்ந்து ரொட்டி தின்றதும் எல்லாம் அந்த 48 குழிதான். தம்பி தன் நிலத்துக்குப் போக மனைக்காரர்களிடம் வழி கேட்டு நின்றான். அந்த வருஷத்திலிருந்து என்னோடு பேச்சில்லை. கேட்பவர்களிடமெல்லாம் "அளந்துதானே கொடுத்தேன்" என்று சொல்லி வந்தேன்.

மெர்சோவில் வண்ண ஓட்டுக் கூரை போட்ட மேரியைக் காட்டினான் பேரன். லூயி த ஃபுய்னெஸ் நடித்த 'லா கிராந்த் வதுரூய்' படத்தில் வந்த கட்டிடம். வேறு நாளாக இருந்தால் அந்தப் படத்தைப் பற்றி அரை மணி பேசியிருப்பேன். "முட்டி வலிக்குதா தாத்தா?" என்றான். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

சாந்த்னேவில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, அவன் எடுத்த படங்களில் ஒன்றைத் தம்பி மகனுக்கு அனுப்பச் சொன்னேன். நான் சைக்கிளில், முன் பாரில் யாரும் இல்லாமல். "உங்கப்பாகிட்ட காட்டு" என்று தமிழில் நானே தட்டினேன். போனுக்குத் திரும்பி, திழோன் ரயில் ஏறுகிற வரை பதில் வரவில்லை. ராத்திரி ஒரு கும்பிடு பொம்மை வந்தது, பையன் அனுப்பியதா அப்பன் அனுப்பியதா தெரியவில்லை.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் பஸ் பிடித்துப் பாகூர் போனேன். தம்பி திண்ணையில் இருந்தான். எழுந்திருக்கவில்லை, உள்ளே பார்த்து "அண்ணனுக்குத் தண்ணி குடு" என்றான். கோப்பு விஷயத்தைச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அங்க ஒருத்தன் முன்னால உக்காரலாமா, இல்ல ஒத்தை ஆளு வண்டிதானா?" என்று கேட்டான்.