விருந்தாளிக் குடும்பம்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் நாட்டுப் பழமொழி. நாலாம் நாள் விருந்தாளி வீட்டு மனிதனாகிவிட வேண்டும். இல்லையேல் படியிறங்க வேண்டும். ஆனால், பல நூறு ஆண்டுகள் கழிந்த பின்பும் விருந்தாளி என்ற பெயரையே சுமந்து திரியும் ஒரு மக்கட் கூட்டம் உலகில் உண்டு. அவர்களுடைய உணவுச்சாலை ஒன்றில் அமர்ந்துதான், முப்பத்து மூன்று ஆண்டுகள் பேசாதிருந்த என் நண்பனோடு நான் மீண்டும் பேசினேன். அந்த மாலைப் பொழுதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எழுதத் தயங்கியதற்கும் காரணமுண்டு.

நான் மருதமுனையைச் சேர்ந்தவன். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நெசவாளி மகன். நண்பன் பாண்டிருப்பைச் சேர்ந்தவன். கல்முனை வீதியில் நடந்து செல்லும் புதியவர் ஒருவர், எங்கள் ஊர் எங்கே முடிகிறது, அவனுடைய ஊர் எங்கே தொடங்குகிறது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். ஒரே ஆசிரிய கலாசாலையில் பயின்றோம். சம்பள நாள் மாலைகளில் கல்முனைக் கடைத்தெருவில் தேநீர் அருந்தி, மாஸ்கோவிலிருந்து வந்த மலிவு விலைத் தமிழ் நூல்களைப் பங்கிட்டு வாங்கினோம். தைப்பொங்கலன்று அவன் வீட்டுப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வரும். பெருநாளன்று எங்கள் வீட்டு வட்டிலப்பம் அவன் வீட்டுக்குப் போகும். ஒரே பாத்திரம்தான் போவதும் வருவதுமாக இருந்தது. வர்க்க உணர்வு வளர்ந்தால் இன பேதம் தானே உதிர்ந்துவிடும் என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. ஓரிரவு சிறுவன் ஒருவன் நண்பனிடமிருந்து செய்தி கொண்டு வந்தான்: "அம்மாவையும் தங்கைமாரையும் இரண்டு நாளைக்கு உன் வீட்டில் வைத்துக்கொள்ள இயலுமா?" நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "விடியட்டும், பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். விடிந்தபோது அவர்கள் அங்கு இல்லை. மூட்டை முடிச்சுகளோடு கால்நடையாகப் போய்விட்டார்கள். அந்த நாட்களில் வெளியே சென்ற அவனுடைய தம்பி இன்றுவரை வீடு திரும்பவில்லை.

ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் அவர்கள் பிறந்த மண்ணைவிட்டு விரட்டினர். என் நெஞ்சம் கொதித்தது. ஆனால் அக்கொதிப்பின் அடியில் ஒளிந்திருந்த உண்மை ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும்: ஜூன் மாதத்து என் மௌனத்துக்கு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நியாயம் கிடைத்துவிட்டதுபோல் நான் ஆறுதலடைந்தேன். நண்பன் கனடாவுக்குப் போய்விட்டான் என்று பின்னர் கேள்விப்பட்டேன். கடிதம் எழுதவில்லை, அவனும் எழுதவில்லை.

2023ஆம் ஆண்டு கோடையில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் வாழும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். யார் மூலமோ அறிந்து அவன் தொலைபேசியில் அழைத்தான். "ஹக்கா சாப்பாட்டுக் கடைக்கு வா" என்றான். தமிழர் நடத்தும் கடைகள் மலிந்த அவ்வூரில் சீனர் கடை எதற்கு என்று கேட்டேன். "நீ சாப்பிடக்கூடிய இடமாகவும் இருக்கவேணும், நம்முடைய ஆட்களின் காது இல்லாத இடமாகவும் இருக்கவேணும்" என்றான். கடையின் கண்ணாடியில் 'ஹலால்' என்று எழுதியிருந்ததைக் கண்டபோது, அவன் எனக்காக எவ்வளவு யோசித்திருக்கிறான் என்பது புரிந்தது.

புளிப்பும் உறைப்புமான சூப், பச்சை மிளகாய் தூக்கலான சில்லி சிக்கன், நூடில்ஸ், மஞ்சூரியன். கல்முனையில் இரவுக் கடைகளில் 'பிறைட் றைஸ்' உண்டு பழகிய நாவுக்கு இவை அந்நியமாகத் தோன்றவில்லை. மஞ்சூரியன் என்ற கறியை மஞ்சூரியாவில் எவரும் அறியார். கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங், 1975இல் பம்பாயில் அதை ஆக்கினார் என்பார்கள். இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாயோடு சோயாவையும் சேர்த்து, பிழைக்க வந்த இடத்தின் நாவுக்கு ஏற்பச் சமைத்த சமையல் இது.

'ஹக்கா' என்ற சொல்லின் பொருளே 'விருந்தாளிக் குடும்பங்கள்' என்பதாகும். வடசீனத்திலிருந்து படிப்படியாகத் தெற்கே பெயர்ந்த இம்மக்களை, தெற்கின் பழங்குடியினர் விருந்தாளிகள் என்றே அழைத்தனர். 1855 முதல் 1867 வரை குவாங்டொங் மாகாணத்தில் இரு சாராரும் நிலத்துக்காக ஒருவரையொருவர் கொன்று குவித்தனர். அவர்களிற் பலர் கல்கத்தாவின் தாங்ரா பகுதியில் தோல் பதனிட்டு வாழ்ந்தனர். தோலைத் தொடுவது தீட்டு என்று மேற்சாதியார் ஒதுங்கியதால் அத்தொழில் விருந்தாளிகளுக்குக் கிடைத்தது. அத்தொழிற்சாலைகளில் கூலிக்கு உழைத்தோரிற் பெரும்பாலோர் பீகாரிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதையும் மறத்தலாகாது. விருந்தாளிக்குள்ளும் முதலாளி உண்டு.

1962இல் இந்திய சீன எல்லைப் போர் மூண்டதும், சீன முகமுடைய ஏறத்தாழ 3000 பேர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பிரித்தானியர் 1941இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனையும் டாங்கேயையும் பூட்டி வைத்திருந்த அதே தேவ்லிதான். சிலர் அங்கே 1967 வரை கிடந்தனர். சுதந்திரம் பெற்ற நாடு பழைய எசமானின் சிறைக்கூடத்தையே புதிய விருந்தாளிகளுக்குத் திறந்துவிட்டது. அதன்பின் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற ஆணையிட்டபின், தாங்ராவில் சீனரின் பழைய அடையாளமாக எஞ்சியவை பெரும்பாலும் உணவுச்சாலைகளே.

கல்லாவிலிருந்த மூதாட்டி எங்கள் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று வினவினார். சொன்னோம். தாம் கல்கத்தாக்காரி என்றார். "எந்த ஊர் என்று இங்கே கேட்கிறார்கள். கல்கத்தா என்றால், 'அதற்கு முன்?' என்று மறுபடியும் கேட்கிறார்கள்" என்று சிரித்தார். அந்தக் கனடாவும் ஒரு காலத்தில் சீனருக்கு மட்டும் தலைவரி விதித்த நாடுதான். 1923 முதல் 1947 வரை அவர்களுக்கு வாசலையே அடைத்திருந்தது. நம் இலங்கையோ 1948இல் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் பிரசாவுரிமையைப் பறித்து, இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அவர்கள் பறித்த தேயிலையை ஒரு நாளாவது நாம் குடிக்காமல் விட்டோமா?

இதை எண்ணும்போதுதான் அந்தப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. ஒரு மக்களின் சோற்றை ஏற்றுக்கொள்வது எளிது; ஆபத்தில் அவர்களுக்குக் கதவைத் திறப்பதுதான் கடினம். பத்தாண்டுகளுக்கு மேலாக அவன் வீட்டுப் பொங்கலை உண்டவன் நான். அந்த ஒரு இரவு என் கதவு திறக்கவில்லை. சேர்ந்து உண்பதே ஒற்றுமை என்று மேடைகளில் பேசுகிறோமே, அது ஒற்றுமையின் தொடக்கமாக இருக்கலாம், சான்று ஆகாது.

தட்டுகள் காலியான பின் சொன்னேன்: "மச்சான், அன்றைக்கு நான் வரச் சொல்லியிருக்கவேணும்."

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா உன்னுடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான்தான் காத்திருந்தேன்" என்றான். இன்னும் சற்றுப் பொறுத்து, "காத்தான்குடிச் செய்தி வந்தபோது உனக்கு எழுதக் காகிதம் எடுத்தேன். எங்கட ஆட்கள் அறிந்தால் என்ன சொல்வார்களோ என்று மடித்து வைத்துவிட்டேன். நீ பயந்தது உன் ஊருக்கு. நான் பயந்தது என் ஊருக்கு" என்றான்.

நாங்கள் கற்பித்த பாடங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் இருந்ததில்லை.

பணம் கொடுக்க நான் எழுந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தான். "நீ விருந்தாளி." "அப்படியென்றால் நீ ஊருக்கு வரும்போது நான் கொடுக்கிறேன்" என்றேன். பாண்டிருப்பில் கடற்கரையோரம் இருந்த அவன் வீட்டை 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டுபோய்விட்டது. "ஊருக்கு வந்தால் அங்கே நான் யார் மச்சான்?" என்று கேட்டான்.

மருதமுனைச் சாரம் ஒன்றை அவனுக்காகக் கொண்டுபோயிருந்தேன். விரித்துப் பார்த்து, நெசவாளி மகனைவிட நன்றாக இழையை விரலால் தடவி, மடித்து வைத்துக்கொண்டான். அவன் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. 'விடியட்டும், பார்ப்போம்' என்று மறுமுறையும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே, ஊர் திரும்பியதும் என் வீட்டு முன்னறையை ஒழித்து, ஒரு கட்டில் போட்டு, அவனுக்குக் கடிதம் எழுதினேன்: "இங்கே உனக்கு ஓர் அறை இருக்கிறது. மூன்று நாள் கணக்குப் பார்க்காமல் வா."

பதில் இன்னும் வரவில்லை. காத்திருப்பது இம்முறை என் முறை.