பதினெட்டு வயதுக்குப் பிறகு

எங்கள் சனத்துக்குச் சோசல் சேர்விஸ் என்றால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். போன பிள்ளை பிறகு என்ன ஆகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகக் கவுன்சில் கூட்டங்களுக்குப் போய்வருவதால், கதையின் பின்பாதி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்தக் கூட்டங்களில் நான் காண்கிற பெடியன்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் அல்ல. ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டித் தனியே வந்து இறங்கியவர்கள். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால், 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி அவனைப் பராமரிப்பது கவுன்சிலின் பொறுப்பு. ஏதாவதொரு வளர்ப்பு வீட்டில் விடுவார்கள். சோறு கறிக்கு ஏங்கினாலும் அங்கே சாப்பாடு, படுக்கை, பள்ளிக்கூடம் எல்லாம் கிடைக்கும். சிக்கல் தொடங்குவது பதினெட்டில்.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு தரப்புக்கும் சம்மதமென்றால் 21 வயதுவரை அதே வீட்டில் தங்கலாம். ஆனால் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் படி பெரும்பாலும் குறைந்துவிடும், சம்மதம் அந்த இடத்தில் ஆட்டம் காணும். 2017இல் வந்த சட்டம் 25 வயதுவரை ஆலோசகர் ஒருவரின் உதவியைக் கேட்டுப் பெற வழிசெய்தது. பிஏ என்பார்கள். பல்கலைக்கழகம் போனால் 2,000 பவுண். தனி வீட்டுக்குப் போகும்போது கட்டில், அடுப்பு வாங்கக் கொடுக்கும் தொகையை 2023இல் அரசாங்கம் 2,000 பவுணிலிருந்து 3,000 ஆக உயர்த்தியது. இத்தனையும் வாய் திறந்து கேட்கிறவனுக்குத்தான் ஒழுங்காகக் கிடைக்கும்.

எங்கள் பெடியன்கள் கேட்கமாட்டார்கள். ஒரு கூட்டத்தில் பிஏ, நல்ல மனுசி, ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்தார். திரைச்சீலை இருக்கிறதா, பிரிட்ஜ் வேலை செய்கிறதா, டாக்டரிடம் பதிந்தாயிற்றா. எல்லாவற்றுக்கும் பெடியன் தலையைக் குனிந்தபடி, "ஓக்கே, ஒண்டும் வேண்டாம்" என்றான். பெரியவர்களிடம் கேட்டு வாங்குவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன். கேட்டால் அகதி வழக்குக்குப் பாதகம் வருமோ என்ற பயம் வேறு. சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. "ஓக்கே" என்றே மொழிபெயர்த்தேன். பிஏயும் "தேவைகள் எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

வெளியே லிஃப்டுக்கு நிற்கும்போது மெல்லக் கேட்டான்: "அண்ணை, அந்த மூவாயிரத்தைக் கையில தருவினமோ? அம்மாவுக்கு அனுப்ப வேணும், வட்டி ஏறுது."

"கையில தராயினம் எண்டுதான் நினைக்கிறன். உள்ள போய் அவவிட்டயே கேளும் தம்பி. நானும் வாறன்."

போனோம். பணம் வீட்டுச் சாமானுக்கு மட்டும், அதுவும் ரசீதோடு என்றார் பிஏ. ஆனால் அந்தக் கேள்வியால்தான் ஏஜென்சிக் கடன் பற்றி அவருக்கு முதன்முதலாகத் தெரியவந்தது. அன்று மத்தியானமே அவனை ஒரு சட்டத்தரணியிடம் அனுப்ப ஏற்பாடு செய்தார். படிவத்தில் கடனுக்கு ஒரு கட்டம் இல்லை. வீட்டில் ஒரு மாமியோ சித்தப்பாவோ இருந்திருந்தால் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்கள்.

தமிழ் வளர்ப்பு வீடுகளை நான் காண்பது அபூர்வம். நாலு அறை வீடு வாங்கி இரண்டை வாடகைக்கு விட எங்களுக்குத் தெரியும், ஒன்றை இப்படிக் கொடுக்கலாம் என்ற நினைப்புத்தான் வருவதில்லை. சொந்த வீடோ கலியாணமோ இதற்குக் கட்டாயமில்லை. மேலதிகமாக ஓர் அறை இருக்க வேண்டும், விசாரணைகளில் தேற வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பெற்றோரோடு தொடர்பு குறைந்த பிள்ளைகளுக்குக் கவுன்சில்கள் வெளியாள் ஒருவரைத் தொண்டராக நியமிக்கின்றன. வழக்கமாக மாதம் ஒருதரம் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்ட்ஹாமில் ஒரு தோசைக்கடைக்குப் போய்க் கதைத்துக்கொண்டிருந்தாலும் அது கணக்குத்தான். குற்றப் பதிவுச் சோதனைக்கும் பயிற்சிக்கும் நாள் எடுக்கும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது.