துவக்கின் விசையில் கை வைக்கும் தம்பிமாருக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் லைசன்ஸ் துவக்கு உள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள். இல்லாதவர்கள் இருக்கிறவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

நம்மூர்ப் பிள்ளைகளின் போன்களில் கொஞ்சக் காலமாக ஒரு வகை வீடியோ சுற்றுகிறது. எங்கள் வகுப்பில் ஓ.எல். எழுதப்போகும் மாணவன் ஒருவனே எங்களுக்குக் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் வீட்டுக் கராஜில் இருந்துகொண்டு 'சைகா' என்ற ரஷ்ய வேட்டை ரைபிளைக் கழற்றுகிறார். பழைய விசைப் பாகங்களை எடுத்துவிட்டு வேறு பாகங்களைப் போடுகிறார். பார்க்கும்போது தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது போல இருக்கிறது. "சேர், இவ்வளவுதானா?" என்று அவன் கேட்டான்.

இவ்வளவுதான் இல்லை. சைகா என்பது கலாஷ்னிகோவின் உடம்பில் செய்த வேட்டைத் துவக்கு. அமெரிக்கச் சட்டம் பட்டியல் போட்ட 20 பாகங்களில் 10க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் வைத்து அப்படியொரு துவக்கை மாற்றிக்கட்டக் கூடாது. விசை, சுத்தியல், அவற்றுக்கு இடையில் உள்ள கொக்கி ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. மூன்றையும் அமெரிக்கத் தயாரிப்பாக மாற்றினால் ஒரே தடவையில் மூன்று குறையும். ஆக அந்த மனிதர் செய்வதில் பாதி, சட்டத்துக்குக் கணக்குக் காட்டும் வேலை. அதே கலாஷ்னிகோவின் சீனத் தம்பிதான் நம் நாடு நன்றாக அறிந்த ரி-56. தானியங்கித் துவக்கு வைத்திருந்தால் இங்கே ஆயுள் தண்டனை வரை போகும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், 1996இல் திருத்தப்பட்டது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாட்டுக் கராஜில் சனிக்கிழமைப் பொழுதுபோக்காக இருப்பது உக்குவளையிலோ ரத்தோட்டையிலோ பொழுதுபோக்கு அல்ல.

நம்மிடம் சைகா எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். நம்மிடம் இருப்பது பயிர்க் காவலுக்கு லைசன்ஸ் எடுத்த பழைய 12 போர் துவக்கு. அந்த வீடியோவின் துணிச்சல் இப்போது அதன் மேல் இறங்கியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் சாச்சாவுக்கு மலைச் சரிவில் ஒரு காணி. மிளகு, கொக்கோ, கீழே கொஞ்சம் மரவள்ளி. மரவள்ளிக்குப் பன்றி வரும், மற்றதுக்குக் குரங்கு வரும். (2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க 5 நிமிடம் குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணினோமே, அன்றைக்கு அவர் காணியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. 8.20க்கு வந்தன.) பன்றிக்குத் துவக்குத் தூக்குவது கறிக்காக இல்லை என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துக் காணிச் சிங்கள ஐயாவும் சாச்சாவும் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே குடிலில் இராக்காவல் இருக்கிறார்கள். துவக்கு சாச்சாவுடையது, தேநீர்ப் போத்தல் அவருடையது.

போன வருடக் கடைசியில் சாச்சா, "விசை இறுகிப் போச்சு, லேசாக்க வேணும்" என்றார். அவருடைய மருமகன் வாகனத் திருத்தகத்தில் வேலை செய்கிறவர், கெட்டிக்காரக் கை. அரத்தை எடுத்துவிட்டார். நல்லவேளையாக அன்றைக்கு நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். கொஞ்சம் பொறுங்கள் மச்சான் என்று உட்கார வைத்து, எங்களுக்குத் தெரிந்த விஞ்ஞானத்தைச் சொன்னோம். அதையே இங்கேயும் சொல்கிறோம்.

துவக்கின் உள்ளே அழுத்தி வைத்த வில் ஒன்று சுத்தியலை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுத்து நிற்பது ஒரு சிறிய உருக்குப் பல், அவ்வளவுதான். அந்தப் பல்லும் சுத்தியலில் வெட்டிய படியும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் அளவு ஒரு மில்லிமீற்றருக்கும் கிட்டத்தான் வரும். நாம் விசையை இழுப்பது வெடிக்க வைப்பதற்கு இல்லை, அந்தப் பல்லை விலக்குவதற்கு. விலக்க வேட்டைத் துவக்குகளில் சுமார் 2 கிலோ இழுவை வைப்பார்கள். குளிரில் விறைத்த விரல், மழையில் நனைந்த கை, வரப்பில் வழுக்கும் கால் எல்லாவற்றையும் எண்ணித்தான் அது.

அரத்தால் அந்தப் பல்லை ராவினால் விசை லேசாகும், உண்மை. ஆனால் அந்த உருக்கு மேல்தோலில்தான் கடினம். தோலை ராவி எடுத்தால் உள்ளே இருப்பது மெதுவான இரும்பு. முதல் நாள் அருமையாக இருக்கும். ஐம்பதாவது வெடியிலோ, மூன்றாவது மாதத்திலோ, விளிம்பு தேய்ந்து தானாக நழுவும். சேப்டி போட்டிருக்கிறோமே என்பார்கள். இந்த வகைத் துவக்குகளில் பெரும்பாலும் சேப்டி தடுப்பது விசையைத்தான், சுத்தியலை இல்லை. பல் நழுவினால் சேப்டியும் ஒன்றும் செய்யாது. துவக்கு கதவோரம் சரிந்து விழுந்தாலே போதும்.

இது எங்கள் கற்பனை இல்லை. அமெரிக்காவில் ரெமிங்டன் 700 என்ற பேர்போன வேட்டை ரைபிள் 1962 முதல் விற்பனையில் உண்டு. அதன் விசைக்கும் பல்லுக்கும் நடுவில் தனியாக ஒரு சின்னத் தகடு. அந்த இடுக்கில் தூசோ உறைந்த எண்ணெயோ புகுந்தால் தகடு தன் இடத்துக்குத் திரும்பாது என்பதுதான் வழக்குப் போட்டவர்களின் குற்றச்சாட்டு. 2000ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தில் வேட்டை முடிந்து ஒரு தாய் குண்டை வெளியே எடுக்க சேப்டியைத் தள்ளினார். துவக்கு வெடித்தது. விசையில் விரல் படவில்லை என்றார்கள். குதிரை வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற அவருடைய 9 வயது மகன் போய்விட்டான். கம்பனி கடைசி வரை துவக்கில் பிழையில்லை, சரியாகப் பராமரிக்காததும் ஆட்கள் கை வைத்து மாற்றியதும்தான் காரணம் என்று வாதாடியது. இந்த விசையை வடிவமைத்த பொறியியலாளரே 1948இல் இன்னொரு பாதுகாப்புத் தடுப்பைச் சேர்க்கச் சொன்னதாகவும், துவக்கொன்றுக்கு ஐந்தரை சதம்தான் கூடியிருக்கும் என்றும் கம்பனியின் பழைய கடிதங்களில் இருந்து பின்னால் தெரிய வந்தது. 2017இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கத்தின்படி லட்சக்கணக்கான துவக்குகளுக்கு விசையை இலவசமாக மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. அந்த நாட்டிலேயே அந்த மாற்றத்தைக் கம்பனியிலும் அங்கீகாரம் பெற்ற திருத்துநர்களிடமும்தான் செய்யச் சொன்னார்கள், வீட்டு மேசையில் இல்லை.

பெரிய தொழிற்சாலை அளந்து செய்த விசைக்கே இந்தக் கதி. மருமகன் அரத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "மாமா, இறுகினது துவக்கா, உங்கட விரலா?" என்று கேட்டார். சாச்சா பதில் சொல்லவில்லை. அவருடைய வலது சுட்டுவிரல் இரண்டு வருடமாகச் சரியாக மடங்குவதில்லை. சோற்றைப் பிசையும்போது எல்லாரும் பார்த்திருக்கிறோம், யாரும் பேசியதில்லை. அடுத்த கிழமை துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துத் துண்டு வாங்கி வந்தார். அந்தக் கிழமையே பன்றி வந்து மரவள்ளியில் பாதியைக் கிளறிப் போட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

துவக்குக்கும் மாத்தளைக்கும் பழைய கணக்கு உண்டு. 1848இல் டொரிங்டன் தேசாதிபதி துவக்கொன்றுக்கு வருடம் இரண்டரை ஷில்லிங் வரி போட்டார். நாய்க்கும் கடைக்கும் வேறு வரி. அந்த வருடக் கலவரம் தம்புள்ளையிலும் மாத்தளையிலும் மூண்டதற்கு அந்த வரிகளும் ஒரு காரணம். துவக்கு மலைநாட்டு விவசாயிக்குச் சண்டைப் பொருள் அல்ல, மண்வெட்டி மாதிரி ஒன்று. அந்தக் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. இன்றும் கச்சேரிக்கும் பொலிஸுக்கும் வருடா வருடம் நடப்பவர்களின் சலிப்பும் விளங்குகிறது.

அந்தச் சலிப்பில்தான் சிலர் கட்டுத்துவக்குக்குப் போகிறார்கள். விசைக்குப் பதில் ஒரு நூல். நூலுக்குப் பன்றியையும், அதிகாலையில் பால் வெட்டப் போகிறவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று, நம்மவர்களுக்கு மட்டும். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு வாள், கத்தி இருந்தால் ஒப்படைக்கச் சொன்ன நாட்களை நினைத்துப் பாருங்கள். தேங்காய் துருவும் வீட்டில் எந்தக் கத்தியைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று உம்மாமார் குசினியில் நின்று யோசித்த நாட்கள். இப்போது அதே குசினி மேசையில் கழற்றிய துவக்கு, ராவிய இரும்புத் துண்டு, போனில் கலாஷ்னிகோவ் வீடியோ. நோக்கம் மரவள்ளிதான் என்று யாரிடம் எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? லைசன்ஸில் ஒரு துவக்கு எழுதியிருக்கிறது, மேசையில் இருப்பது இன்னொன்று. துவக்குத் திருத்துவதைத் தொழிலாகச் செய்யவே அனுமதி வேண்டிய நாடு இது.

விசை இறுகியிருந்தால் முதலில் குண்டு உள்ளே இல்லையென்று இரண்டு பேர் பாருங்கள். பிறகு கழற்றாமல் அனுமதி பெற்ற திருத்துநரிடம் கொடுங்கள். பாதிக்குமேல் பழைய எண்ணெய் பிசினாகிப் போனதாகத்தான் இருக்கும். யாரிடம் கொடுக்கலாம் என்று கிராம சேவகரிடமோ பொலிஸிலோ கேட்டால் சொல்வார்கள். ஏற்கெனவே ராவிவிட்டீர்கள் என்றால் அந்தத் துவக்கில் இனி ஒரு குண்டும் போடாதீர்கள், கொண்டுபோகும்போது ராவியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

லைசன்ஸ் புதுப்பிக்கும் படிவம் நிரப்ப, சிங்களத்தில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டால் ஞாயிறு லுஹருக்குப் பிறகு பள்ளிவாசல் வளவில் இருப்போம். துவக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழைய லைசன்ஸை மட்டும் எடுத்து வாருங்கள்.